சூலியா தெருவும் இரண்டு தகுதிச் சான்றுகளும்

மலேசியாவில் 1997-ஆம் ஆண்டு இரண்டு தகுதிச் சோதனைகள் தொடங்கின. சுகாதார அமைச்சும் தனியார் மருத்துவமனைகளின் சங்கமும் மலேசிய மருத்துவச் சங்கமும் கூடி எம்.எஸ்.கியூ.எச். என்ற தரச் சங்கத்தை அமைத்தன. ஆஸ்பத்திரிகளுக்குள் போய்ப் பார்த்து, தரம் சரியாக இருந்தால் சான்று கொடுப்பது அதன் வேலை. அதே ஆண்டில்தான் ஃபோமேமாவும் வந்தது. வெளிநாட்டிலிருந்து கூலி வேலைக்கு வருகிறவர்களின் ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாவற்றையும் பார்த்து, இந்த ஆள் வேலைக்கு ஆவான், இந்த ஆள் ஆகமாட்டான் என்று எழுதித் தருவது அதன் வேலை. காசநோய் இருந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வந்த பெண் கர்ப்பமாக இருந்தாலும் அப்படித்தான். முதல் சோதனைக்கு ஆஸ்பத்திரி விரும்பினால் உட்படலாம். இரண்டாவதிலிருந்து தொழிலாளி தப்ப முடியாது. பினாங்கில், ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில், இரண்டும் அருகருகே நடமாடுகின்றன. மேடானிலிருந்து இருதயத்துக்கும் புற்றுநோய்க்கும் வைத்தியம் பார்க்க வருகிற இந்தோனேசியர்கள் ரூபியாவை ரிங்கிட்டாக மாற்றும் கடைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கிற இளைஞன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். ஃபோமேமா சோதனையில் தேறியதால்தான் அவன் அங்கே நிற்கிறான். மருத்துவத் தரத்துக்குச் சான்று என்ற ஏற்பாடு ஏழை நாடுகளில் யாருக்காக உருவானது, அது நோயாளிக்கு எப்போது உதவியது, எப்போது சுவரில் மாட்டிய படமாக நின்றது என்று கேட்க இந்தத் தெருவை விடத் தோதான இடம் இல்லை.

பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் இறங்கிப் போட்ட முதல் நான்கு தெருக்களில் இதுவும் ஒன்று. தொடக்கத்தில் மலபார் தெரு என்று பெயர். பிறகு சூலியா தெரு ஆனது. சோழமண்டலக் கரையின் துறைமுகங்களிலிருந்து, நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டையிலிருந்து, வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் சூலியா என்றார்கள். அவர்கள் லைட்டோடு வந்தவர்கள் அல்லர். கடாரத்தில் அதற்கு முன்பே குடியிருந்து கடை வைத்தவர்கள். 1790-களில் லைட் தன் மேலிடத்துக்கு எழுதிய குறிப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே தங்கியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்கள் 1300 முதல் 2000 பேர் வரை கொண்டுவருவதாகவும், கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் அவர்கள் திரும்பிப்போக வேறு ஆட்கள் வருவதாகவும் சொல்கிறார். இந்தக் குறிப்பில் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கடைசிச் செய்திதான். தங்கியவர்களைவிட வந்து போகிறவர்கள் அதிகம். தெருவின் மருத்துவச் சரித்திரமும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகவே எழுதப்பட்டது.

தங்கியவர்களுக்குத் துணையாக ஏற்பாடுகள் இருந்தன. 1801-இல் காதர் முகைதீன் மரைக்காயர் முன்னின்று கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகிலேயே இருக்கிறது ('கெலிங்' என்ற சொல் இன்று வசையாகிவிட்டாலும் பள்ளிவாசலின் பெயர் மாறவில்லை). சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா நிற்கிறது. நாகூர் ஆண்டவர் கடலோடிகளுக்கும் நோயாளிகளுக்கும் காவல். காய்ச்சல்காரனும் பிள்ளையில்லாதவளும் நேர்ந்துகொள்கிற இடம் அது. அங்கே இந்துக்களும் விளக்கேற்றுவார்கள். நாட்டு மருந்து, மந்திரித்த கயிறு, ஊர்க்காரர் ஒருவர் சொன்ன கைவைத்தியம் இவற்றுக்கெல்லாம் சான்றிதழ் கிடையாது. சான்று அக்கம்பக்கத்தார் வாயில் இருந்தது. இன்னாரிடம் போனால் கை ராசி என்பதும், இன்னாரிடம் போனவன் எழுந்திருக்கவில்லை என்பதும் தொழுகை முடிந்து வெளியே வருகிற நேரத்துக்குள் பரவிவிடும். இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பெரியம்மைக்கும் பேதிக்கும் முன்னால் அந்தக் கை ராசி நிற்கவில்லை. ஏன், 1794-இல் காய்ச்சலில் செத்த லைட்டுக்கு வெள்ளைக்கார வைத்தியமும் கை கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பொறி இருந்தது: வைத்தியனும் நோயாளியும் மறுநாளும் ஒரே தெருவில் முகம் பார்த்தாக வேண்டும். தவறு செய்தவனுக்கு அது தண்டனை. தெருவில் நிலையாக இல்லாதவனுக்கு, அதாவது கப்பலில் வந்து கப்பலில் போகிறவனுக்கு, அந்தப் பொறி வேலை செய்யாது.

வந்து போகிறவர்களின் எண்ணிக்கை 19-ஆம் நூற்றாண்டில் பல மடங்கு பெருகியது. எதிர்க்கரையில், வெல்லஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு உள்நாட்டின் காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி ஆட்களாகவும் பல லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சூலியாக்கள் அல்லர். ஆனால் அவர்கள் இறங்கிய துறைமுகம் பினாங்கு. இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதற்கு 1872-இல் சட்டம் வழி செய்தபின், உடம்பைச் சோதிப்பது ஒரு பெரிய இயந்திரமாயிற்று. நாகப்பட்டினத்து முகாமிலும் பின்னால் ஆவடி முகாமிலும் மருத்துவர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், கப்பலிலிருந்து இறங்கியவர்களைப் பினாங்குக்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் வைத்துக் காத்திருக்க விடுவார்கள். தொழுநோயாளிகளை அடைத்து வைத்த அதே தீவில் 1870-களில் அமைந்தது இந்தத் தனிமை நிலையம். இத்தனை சோதனையும் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த உடம்பு வேலைக்கு ஆகுமா? ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மை குத்தியதில் உயிர்கள் பிழைத்தன. கப்பலில் வந்த பேதி ஊருக்குள் பரவாமல் நின்றது. அந்தத் தீவு காலனி அரசின் கொடுமைக்கூடம் மட்டுமே என்று எழுதுவது சரித்திரமாகாது. இருந்தாலும் சோதனை ஒரே திசையில்தான் போயிற்று. இந்த உடம்பு போய்ச் சேரும் இடம் உடம்புக்கு ஆகுமா என்று கேட்க அப்போது ஒரு நிலையமும் இல்லை.

அந்தக் கேள்வி வந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி வழியாகத்தான் வந்தது. மலாயாத் தமிழர் நினைவில் அது 'டிரஸ்ஸர்' ஆண்ட இடம். படித்த டாக்டர் மாதத்தில் சில முறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் கட்டுக் கட்டுவதும் மருந்துத் தண்ணி கலக்குவதும், வேலைக்குப் போக முடியாது என்று படுத்திருப்பவனைப் பார்த்து உண்மையா நடிப்பா என்று தீர்மானிப்பதும் டிரஸ்ஸர்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போதே வரிசையாக நிற்கவைத்துக் கொயினாவை வாயில் ஊற்றி, கண் முன்னாலேயே விழுங்கச் செய்த தோட்டங்கள் உண்டு. கசப்பைத் துப்பிவிடுவார்கள் என்ற சந்தேகம். ஒரே மனிதன் வைத்தியனாகவும் துரையின் கணக்குப்பிள்ளையாகவும் இருந்தால் எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்றது; கட்டில் எத்தனை, கூரை எப்படி என்றெல்லாம் பார்க்க அதிகாரி வந்தார். இன்றைய மொழியில் சொன்னால் கட்டமைப்புத் தரம். கட்டில்கள் இருந்தன. படுக்கத்தான் ஆள் வரவில்லை. வந்தவர்கள் சாகும் தறுவாயில் வந்தார்கள், அதனால் ஆஸ்பத்திரி என்றாலே சாகப்போகும் இடம் என்ற பயம் இன்னும் கெட்டியாயிற்று.

திருப்பம் வேறு இடத்தில் நடந்தது. கிள்ளானில் 1901-இல் மாவட்ட டாக்டராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவால் காலியாகிக்கொண்டிருந்த ஊரைச் சுற்றி வடிகால் வெட்டவைத்துச் சாவைக் குறைத்தார். அதைவிட முக்கியமாக அவர் ஒன்று செய்தார்: தோட்டம் தோட்டமாகச் சாவுக் கணக்கை எடுத்து, எந்தத் தோட்டத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். 1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் சாவு ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியிருந்தது. நூறு பேர் கொண்ட லயத்தில் ஓர் ஆண்டில் ஆறு பாடை. அதுவும் பிஞ்சும் கிழமும் அல்ல, நாகப்பட்டினத்தில் மருத்துவர் பார்த்து 'திடகாத்திரம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பிய உடம்புகள். உடம்புக்குக் கொடுத்த சான்று பொய்யாகவில்லை. உடம்பு போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு என்பதை இந்த எண் காட்டிக்கொடுத்தது. அந்த நேரத்தில் வேறு நெருக்குதல்களும் சேர்ந்தன. மலாயாவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் எதிர்ப்பு வளர்ந்து, ஆள் வரத்து நின்றுவிடுமோ என்று தோட்ட முதலாளிகள் பயந்தார்கள். 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம், 1912-இல் தொழிலாளர் சட்டம். மோசமான தோட்டத்திலிருந்து தொழிலாளரை விலக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சாவு விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 1918-இன் விஷக் காய்ச்சல் மறுபடி ஏற்றிவிட்டது வேறு கதை.

என் வாதம் இந்த இடத்தில் நிற்கிறது. கட்டில் எண்ணியவரை ஒன்றும் நடக்கவில்லை. சாவை எண்ணி, எண்ணியவர் கையில் முதலாளியின் ஆள் வரத்தை நிறுத்தும் பிடியும் வந்தபோதுதான் நிலைமை மாறியது. இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். சாவு குறைந்தது வடிகாலாலும் கொயினாவாலும்தான், ஆஸ்பத்திரிச் சோதனையால் அல்ல. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட முதல் சில ஆண்டுகள் எப்போதும் கொடியவை, அது கழிந்ததும் தானாகவே குறைந்திருக்கும். மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அது என் வாதத்தை உடைப்பதைவிட உறுதி செய்கிறது. கட்டிலைச் சோதித்துக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் இருபது கட்டில் போட்டிருப்பார்கள். சாவை எண்ணியதால்தான் பணம் கட்டிலுக்குப் போகாமல் வாய்க்காலுக்குப் போயிற்று. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: எண்ணுகிறவர் வருகிறார் என்று தெரிந்தால் எண்ணை ஒளிக்கலாம். நோய்ப்பட்ட கூலியை வேலையை விட்டு நீக்கிவிட்டால் அவன் தைப்பிங் சாலையிலோ பினாங்கின் ஏழைகள் ஆஸ்பத்திரியிலோ சாவான். அந்தச் சாவு தோட்டத்தின் பேரேட்டில் ஏறாது. இதை மறுக்க முடியாது. எண்ணுவதை நிறுத்துவது இதற்கு மருந்தாகாது; தோட்டத்தின் பேரேட்டை நம்பாமல் ஊரின் மரணப் பதிவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1924-இல் தோட்டச் சுகாதாரத்தை ஆராய ஓர் ஆணையம் அமர்ந்தது. அதன் யோசனைப்படி தோட்டங்களிடம் வரி வாங்கி நடத்தும் சுகாதார வாரியங்களுக்குச் சட்டமும் வந்தது. செலவு யார் தலையில் என்ற சண்டையில் முதலாளிகள் இழுத்தடித்தார்கள். 1930-களின் மந்தம் மிச்சத்தை முடித்துவிட்டது. டிரஸ்ஸருக்குப் பதிவும் தகுதியும் கேட்கும் சட்டம் 1965-இல்தான் வந்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படும் காலம் தொடங்கியிருந்தது.

காலனிக்குப் பிந்திய மலேசியாவின் மிகப் பெரிய மருத்துவ வெற்றியும் இதே பாதையில்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரசவத்தில் தாய் சாவது 1950-இல் லட்சத்துக்கு 500-க்கு மேல் இருந்தது. அந்த நாடு அப்போது ஏழை நாடு. பளபளப்பான ஆஸ்பத்திரிகள் வருவதற்கு வெகு முன்பே அந்த எண் விழத் தொடங்கியது. கிராமத்து மருத்துவச்சியை ஒழிக்காமல், 1966-இன் சட்டத்தில் பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, அரசாங்கத் தாதியோடு சேர்த்து வேலை வாங்கினார்கள். சாவு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார்கள். 1991-இல் இதை முறையாக்கி, பெயர் வெளியிடாத விசாரணை ஒன்றைத் தொடங்கியபோது நடந்தது பாடமாக வைக்க வேண்டியது. முந்தைய ஆண்டு லட்சத்துக்கு சுமார் 20 என்றிருந்த விகிதம் ஒரே ஆண்டில் சுமார் 44 ஆக ஏறிவிட்டது. தாய்மார் இரட்டிப்பாகச் சாகவில்லை. அதுவரை வேறு நோயின் பெயரில் புதைந்திருந்த சாவுகள் கணக்குக்கு வந்தன. தரத்துக்குச் சான்று வாங்க நினைக்கிற எந்த நிறுவனமும் இப்படி ஓர் எண்ணைத் தானே வெளியிடாது. தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ள அரசாங்கத்தில் யாரோ துணிந்தார்கள், அதனால் அடுத்த பிரசவத்தில் ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்று கேட்க முடிந்தது.

மருத்துவமனைச் சான்று என்ற இன்றைய ஏற்பாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கும் அது பிறந்த கதை விசித்திரமானது. அறுவை மருத்துவர் கல்லூரி 1917-இல் ஒரு குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. நூறு கட்டிலுக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்தார்கள். 89 மட்டுமே தேறின. 1919-இல் நியூயார்க்கின் வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டலில் கூடியிருந்தபோது, தேறாதவற்றின் பட்டியல் பத்திரிகைக்காரர் கையில் சிக்கக்கூடாது என்று ஓட்டலின் உலையிலேயே போட்டுக் கொளுத்தினார்கள். பெரும் பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகளும் அதில் இருந்தனவாம். சான்றின் பிறவிக் குணம் அந்த உலையில் தெரிகிறது: தேறியவனின் பெயரை ஊருக்குச் சொல்லும், தேறாதவனின் பெயரை மறைக்கும். 1951-இல் அது கூட்டு ஆணையமாக வளர்ந்தது. 1994-இல் அதன் வெளிநாட்டுக் கிளையான ஜே.சி.ஐ. பிறந்தது. பினாங்கின் அட்வென்டிஸ்ட் மருத்துவமனை 2007-இல் அந்தச் சான்றைப் பெற்றது. 1924-இல் ஒரு மிஷன் மருந்தகமாகத் தொடங்கிய இடம் அது. இடைப்பட்ட காலத்தில் மலேசியாவில் ஒன்று நடந்திருந்தது. 1997-இன் ஆசியப் பண நெருக்கடியில் ரிங்கிட் விழுந்தது. உள்ளூர்க்காரர்கள் தனியார் ஆஸ்பத்திரிகளை விட்டு ஒரு ரிங்கிட் வாங்கும் அரசாங்க வெளிநோயாளி வரிசைக்குத் திரும்பினார்கள். தனியார் கட்டில்கள் காலியாயின. காலியான கட்டிலுக்கு வெளிநாட்டு நோயாளியைக் கூட்டிவர அரசாங்கமே இறங்கியது. முன்பின் தெரியாத ஊருக்கு அறுவைக்கு வருகிறவனுக்குக் காட்ட ஒரு முத்திரை தேவைப்பட்டது. மலேசியாவுக்கு வைத்தியத்துக்கு வருகிற வெளிநாட்டாரில் ஏறத்தாழப் பாதியைப் பினாங்கு ஒன்றே இழுக்கிறது என்பது அந்த முயற்சியின் விளைச்சல்.

அதில் தவறென்ன என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். தர்கா வாசலில் பரவிய பேச்சு மேடானுக்கு எட்டாது. தொலைவிலிருந்து வருகிறவனுக்கு எழுத்தில் ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றுக்காகவே மருந்து அலமாரி ஒழுங்காகிறது, கை கழுவும் குழாய் வருகிறது, அறுவைக்கு முன் பெயரை இருமுறை கேட்கிறார்கள், தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் இவை நடந்ததால் நோயாளி பிழைப்பது கூடியதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்த மிகச் சில ஆய்வுகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டாலில் நடந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரின் பேரப்பிள்ளைகள் வாழும் மாகாணம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் 20-ஐ எடுத்து, சீட்டுப் போட்டுப் பிரித்ததுபோல 10-ஐச் சான்றுத் திட்டத்தில் சேர்த்து, 10-ஐ விட்டுவைத்தார்கள். 2003-இல் வெளியான முடிவு இது: திட்டத்தில் சேர்ந்தவை தர விதிகளுக்கு உடன்படுவது 38 விழுக்காட்டிலிருந்து 76 ஆக ஏறியது, மற்றவை இருந்த இடத்திலேயே நின்றன. ஆனால் நோயாளிக்குக் கிடைத்த கவனிப்பைக் காட்டும் அளவீடுகளில் பெரும்பாலானவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விதிகள் இரட்டிப்பாகப் பின்பற்றப்பட்டன. கட்டிலில் கிடந்தவனுக்கு அதன் பலன் எட்டியதாகக் காட்ட முடியவில்லை. ஆய்வுக்காலம் குறுகியது, பலன் பின்னால் வரும் என்று சொல்லலாம், வரலாம். 1911-க்கு முந்தைய தோட்டத்து ஆஸ்பத்திரியின் கட்டில் கணக்கும் இதே பதிலைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழை நாடு கட்டில், டாக்டர் என்று இல்லாததைத் தேடி ஓடிக்கொண்டிருக்கும்போது தரத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது இன்னொரு வாதம். லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2018-இல் இதற்குப் பதில் கொடுத்துவிட்டது. நல்ல வைத்தியம் கிடைத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் நடுத்தர, ஏழை நாடுகளில் ஆண்டுக்கு 80 லட்சத்துக்கு மேல். அவற்றில் சுமார் 50 லட்சம், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தும் சரியாகக் கவனிக்கப்படாததால் நேர்ந்தவை. வைத்தியத்தை எட்டாமலே செத்தவர்களைவிட வாசலுக்குள் வந்து செத்தவர்கள் அதிகம். மத்தியப் பிரதேசக் கிராமங்களில், நோயாளி வேடத்தில் ஆட்களை அனுப்பிப் பார்த்தபோது பட்டம் பெற்ற வைத்தியருக்கும் பட்டமில்லாதவருக்கும் இடையே கவனிப்பில் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை என்ற ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. பட்டமும் சான்று, சுவரில் தொங்குகிற இன்னொரு காகிதம். வைத்தியருக்குத் தெரிந்தது என்ன என்பதும், காத்திருப்பவர் கூட்டம் வாசலில் நிற்கும்போது அவர் செய்வது என்ன என்பதும் வேறு வேறு. இந்த இடைவெளியை அளக்க நோயாளி பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அதற்குச் செலவு அதிகம் ஆகாது. பேரேடும் நாணயமும் இருந்தால் போதும் என்பதை மால்கம் வாட்சனின் காலமே காட்டிவிட்டது.

சூலியா தெருவிலிருந்து சில நிமிட நடையில் முந்திரித் தெரு. 1883-இல் தொடங்கிய லாம் வா ஈ என்ற சீனர்களின் இலவச மருந்தகம் அங்கேதான் நெடுங்காலம் நடந்தது. இன்று அது பெரிய ஆஸ்பத்திரி. அதற்கும் முன்பு, 1854-இல், முன் ஆ ஃபூ என்ற வணிகர் ஏழைகளுக்காகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் பினாங்குப் பொது மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகளுக்கு 1998-இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாமல் அவை இயங்க முடியாது. பொது மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. நாட்டு வைத்தியர்களையும் 2016-இன் சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. சித்த வைத்தியரும் இனிப் பதிவு செய்ய வேண்டியவர். ஆக, சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எதற்கு என்றால், சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கும் அந்த இளைஞன் காய்ச்சலில் விழுந்தால் அவன் போகிற இடத்தில் சென்ற ஆண்டு எத்தனை பேர் எந்த நோயில் செத்தார்கள் என்று அவன் தெரிந்துகொள்ளும் வழிக்கு. பொது மருத்துவமனையில் அவனுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம் கிடையாது. குடிமகன் அல்லாதவன் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஜெரஜாக் தீவில் காத்திருந்தவனைப்போலவே அவனைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார்கள்: ரத்தம், சிறுநீர், நெஞ்சு. அவனுக்குத் தெரிய வேண்டியது எதுவும் அவன் கையில் இல்லை.

சென்னையிலோ மதுரையிலோ இதைப் படிக்கிறவருக்கும் இது தூரத்து ஊர்க்கதை அல்ல. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளின் வரவேற்பறையிலும் என்.ஏ.பி.எச். சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. அதைக் குறை சொல்ல வேண்டாம், வாங்குவதற்கு உழைத்திருப்பார்கள். அடுத்த முறை அறுவைக்குத் தேதி குறிக்கும்போது, அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: போன ஆண்டு இதே அறுவை இங்கே எத்தனை பேருக்கு நடந்தது, அதில் எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடித்தது. பதில் தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.